கல்லில் ஒட்டிய சோழி

எதிர்வீட்டுக்காரிக்கு,

என் அடுப்பில் சோழி வெந்துகொண்டிருக்கிறது. சாம்பார் வைக்கிற குண்டானில் தண்ணீர் தளதளவென்று கொதிக்க, உன் சோழிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு சத்தம் போடுகின்றன. வீடு முழுக்கப் பசை வாடை. சன்னல்களை எல்லாம் திறந்து வைத்தும் போக மாட்டேன் என்கிறது. உள் அறையில் செயலாளர் அவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்து இருமிக்கொண்டிருக்கிறார். இருமட்டும். ஊருக்கு அவர் நம் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், எனக்குத் தாலி கட்டிய புருஷன். நேற்று சாயங்காலத்திலிருந்து நானும் அவரைச் செயலாளர் என்றுதான் கூப்பிடுகிறேன்.

நேற்று நடந்ததற்காக யாழினி சங்கத்துக் கமிட்டி முன்னால் நின்று சாரி சொல்ல வேண்டுமாம். சொல்கிற வரைக்கும் கீழே இறங்கி விளையாடக் கூடாதாம். ஒன்பது வயசுப் பிள்ளைக்கு, பெற்ற அப்பனே போட்ட உத்தரவு. காலையில் பள்ளிக்கூட வேன் ஏறும்போதும் அவள், "நான் சொல்ல மாட்டேம்மா," என்றுதான் ஏறினாள். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டேன். செங்கல்பட்டில் ஒரு நாள் நான் மாத்திரை எடுத்துக் கொடுக்காவிட்டால் யாரும் செத்துவிட மாட்டார்கள். உனக்கு நடந்ததைச் சொல்லாமல் இருந்தால் எனக்குத்தான் மண்டை வெடித்துவிடும்.

நீ இந்த ஊரப்பாக்கத்துக்குக் குடிவந்த நாள் நினைவிருக்கிறதா? லிஃப்டில் என்னைப் பார்த்ததும் நீ கேட்ட முதல் கேள்வி, "இந்த பிளாக்ல புள்ளைங்க எத்தினி பேரு கீறாங்க?" என் முகம் சுருங்கிவிட்டது. இங்கே அப்படிக் கேட்கிற யாரும் சும்மா கேட்பதில்லை. அபாகஸ், ஃபோனிக்ஸ், கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி என்று ஏதாவது ஒன்றை நம் தலையில் கட்டத்தான் கேட்பார்கள். டியூஷன் எடுக்கிறீங்களா என்று கேட்டேன். நீ சிரித்த சிரிப்பில் லிஃப்டே ஆடியது.

"டியூசனா? யாரு, நானா? எனக்கே யாராச்சும் எடுத்தா தேவல. ஆடறதுக்கு ஆள் வேணும், அதான் கேட்டேன்."

நான் உன்னை அரைப் பைத்தியம் என்று முடிவு கட்டினேன். அது முழுசாகத் தப்பில்லை.

மாமல்லபுரத்தில் உன் அப்பா வீட்டுச் சங்குக் கடையிலிருந்து ஒரு சாக்குப் பை நிறையச் சோழி கொண்டு வந்திருந்தாய். சிப்பி ஒட்டிய கண்ணாடி, பெயர் எழுதிய சங்கு என்று வெளியூர்க்காரர்களுக்கு விற்றது போக, ஓரம் உடைந்ததும் நிறம் மங்கியதுமாக மிஞ்சிய சோழிகள். தண்ணீர் லாரி வந்து நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில், கட்டிடம் கட்டினபோது மிச்சமான மணல் ஒரு மேடாகக் கிடந்தது. அதில் முஷ்டியால் குத்திக் குத்திப் பதினாலு குழி போட்டாய். இரண்டு வரிசைப் பல்லாங்குழி தயார். சுற்றிப் பிள்ளைகள் கூடினார்கள். அவர்களோடு சரிசமமாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்து, சுடிதார் எல்லாம் மண்ணாக, நீ ஆடினாய். மேலே பால்கனிகளில் நின்று பார்த்த நாங்கள் எல்லாரும், பாவம் பிள்ளை இல்லாதவள், குழந்தைகள் என்றால் உயிர் போல இருக்கிறது என்று பேசிக்கொண்டோம். உன் காதுக்கு அது வந்தபோது உனக்கு வந்த கோபம் இருக்கிறதே!

"எனக்குப் புள்ளைங்கள புடிக்கும்னு யாரு சொன்னது? பாதி புள்ளைங்க மூக்கு வழிஞ்சிகினு கீதுங்க. எனக்கு ஆட்டம் புடிக்கும். அவங்களுக்கும் புடிக்கும். அவ்ளோதான்."

இதைவிட நேர்மையான வாக்கியத்தை நான் எந்தப் பெற்றோர் கூட்டத்திலும் கேட்டதில்லை. அங்கே பேசுகிறவர்கள் விளையாட்டால் மூளை வளர்கிறது, கணக்கு வருகிறது, தலைமைப் பண்பு வருகிறது என்று மைக்கைப் பிடித்து அளப்பார்கள். ஒரு பிள்ளை பத்து நிமிஷம் சும்மா சிரித்துவிட்டு வந்தால் அதற்கும் கூலி கேட்கிற கூட்டம் அது. விளையாடி முடித்து வீட்டுக்குள் நுழையும்போதே, இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்பார்கள். வியர்த்த முகத்தைத் துடைக்கக்கூட விட மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்தவர் என் செயலாளர். யாழினிக்கு அப்போது ஆறு வயசு. மிஸ்ஸிடம் பாத்ரூம் போகணும் என்று கேட்கக் கூச்சப்பட்டு, யூனிஃபார்மை நனைத்துக்கொண்டு வருவாள். எதிரில் யார் வந்தாலும் என் புடவைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். அவர் அவளை ஆளுமை வளர்ப்பு வகுப்பில் சேர்த்தார். அங்கே கையைக் கட்டிக்கொண்டு தன் பெயர், வகுப்பு, லட்சியம் மூன்றையும் இங்கிலீஷில் ஒப்பிக்கச் சொல்லிக் கொடுத்தார்கள். ஒப்பித்தாள், கைதட்டினார்கள், வீடியோ எடுத்தார்கள். அடுத்த வாரம் மறுபடியும் நனைத்துக்கொண்டு வந்தாள்.

அப்புறம் ஒரு நாள் நீ அவளை ஏமாற்றினாய். சோழியைக் குழி குழியாகப் போட்டுக்கொண்டே போகிறபோது ஒன்றை உள்ளங்கையில் ஒளித்துக்கொண்டாய். நான் மேலே துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து ஒரு குரல் வந்தது.

"ஆன்ட்டி, கையத் தொறங்க."

"எதுக்கு?"

"தொறங்க!"

"தொறக்க மாட்டேன். நீ இன்னா போலீசா?"

"உள்ள ஒண்ணு கீது! நீங்க பொய் சொல்றீங்க!"

அது என் மகளின் குரல் என்று எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவ்வளவு பெரிய குரல் அவளுக்குள் இருப்பது எனக்குத் தெரியாது. நீ விடவில்லை. ஒரு பெரிய மனுஷி விட்டுக்கொடுக்க வேண்டாமா? நீ அவளோடு சரிக்குச் சரி கத்தினாய். அவள் மணலை உதைத்துவிட்டு, அழுதுகொண்டே மேலே ஓடி வந்தாள். நான் உன்னிடம் சண்டைக்கு வந்தேன். சின்னப் பிள்ளையிடம் அழுகுணி ஆட்டம் ஆடுகிறாயே, வெட்கமாக இல்லையா என்று கேட்டேன். நீ என்னைவிடக் கொதித்துப்போய் நின்றாய்.

"உம் பொண்ணு ஆட்டத்தக் கலைச்சிட்டுப் போயிட்டா சுமதி! நான் கெலிக்கிற நேரத்துல! இது நாயமா?"

மறுநாள் அவளே தனியாக இறங்கிப் போனாள். ஆளுக்கு ஆள் உள்ளங்கையை விரித்துக் காட்டிவிட்டுத்தான் ஆட வேண்டும் என்று சட்டம் போட்டாள். நீ முணுமுணுத்துக்கொண்டே காட்டினாய். கொஞ்ச நாளில் பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று பாத்ரூம் போகணும் மிஸ் என்று கேட்டாள். நான் கண் கலங்க உன்னிடம் வந்து நன்றி சொன்னேன். நீ காதிலேயே வாங்கவில்லை. "அத வுடு. இன்னைக்கு வருவாளா, மாட்டாளா?" என்றாய்.

அவளுக்கு உன் பேச்சும் ஒட்டிக்கொண்டது. கீது, இன்னா, குந்து. செயலாளருக்கு உடம்பெல்லாம் எரியும். இவர் என்னவோ சீமையில் பிறந்தவர் மாதிரி. மாமியார் செங்கல்பட்டு மார்க்கெட்டில் "இன்னா வெல?" என்று கேட்டுத்தான் இவருக்குக் கத்தரிக்காய் வாங்கிப் போட்டார்.

ஒரு முறை எல்லாரையும் உன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். வெண்ணெய் உருண்டைப் பாறைக்குப் பக்கத்துச் சரிவில் பிள்ளைகள் ஏறி ஏறிச் சறுக்கினார்கள். யாழினியின் பாவாடைப் பின்புறம் கிழிந்தது. செயலாளர் நடுவில் நின்று, பல்லவர்கள் எந்த நூற்றாண்டு, கல்லை எப்படிப் பிளந்தார்கள் என்று கைபேசியில் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தார். கேட்க ஒரு பிள்ளை இல்லை. நீ வெள்ளரிப் பிஞ்சைக் கடித்துக்கொண்டே அவரிடம் சொன்னாய்.

"சார், உளி வெச்சு செதுக்குனது எல்லாம் இன்னும் சொரசொரன்னுதான் கீது. இந்தச் சரிவு மட்டும் எப்டி கீது, தொட்டுப் பாருங்க. வழவழன்னு. எல்லாம் புள்ளைங்க சூத்து தேச்சது."

அவர் முகத்தை அன்றைக்குத்தான் பார்க்க வேண்டும். திரும்பி வரும் வழியெல்லாம் நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பை அடக்கியதில் வயிறு வலித்தது.

அதற்கப்புறம்தான் சுற்றறிக்கைகள் வர ஆரம்பித்தன. எங்கள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துதான் அடித்தார். பொது இடங்களில் பந்து, சாக்பீஸ், குழி, கூச்சல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். கூச்சலுக்கு ஒற்று வருமா என்று என்னைக் கேட்டார். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் சுதந்திர விளையாட்டு நேரமாம். பெரியவர்களின் கண்காணிப்பு உண்டாம். முன்பதிவு அவசியமாம். சுதந்திரத்துக்கு முன்பதிவு கேட்ட முதல் மனுஷன் இவராகத்தான் இருப்பார்.

கூட்டத்துக்கு நீயும் வந்தாய். ஓய்வு பெற்ற எஞ்சினியரான நம் சங்கத் தலைவர் எழுந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் குழி தோண்டுவது கட்டிடத்துக்கே ஆபத்து என்றார். நீ கையைத் தூக்கினாய்.

"சார், புள்ளைங்க கை முட்டி அளவு தோண்டுனா பில்டிங் வுழுந்துடும்னா, இத வாங்குன நாம எல்லாரும் ஏமாந்துட்டோம் சார்."

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு எல்லாரும் தலைவருக்கே கை தூக்கினார்கள். இந்த ஜனங்களை நம்பி நீ ஒரு சோழியைக்கூடப் பந்தயம் வைத்திருக்கக் கூடாது.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதத்தில்தான் மணலை வாரிவிட்டுச் சிமென்ட் கற்கள் பதித்தார்கள். அந்த நேரம் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்வேன், இல்லை என்று அவர் சொல்வார். மருந்து ஏற்றிக்கொண்டு நீ ஆட்டோவில் வந்து இறங்கினாய். தலையில் முக்காடு, அதற்குக் கீழே முடி இல்லை. அந்த இடத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாய். நான் உன் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தேன், நீ அழுவாய் என்று நினைத்து. நீ செருப்புக் காலால் கல்லைத் தட்டிப் பார்த்தாய். மறுநாள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, குழிக்குப் பதிலாகச் சாக்பீஸால் வட்டம் போடச் சொன்னாய். சோழி வட்டத்தில் நிற்காமல் உருண்டது. யாழினி முறையிட்டாள்.

"உருண்டா உருளட்டுமே. அதுக்கு ஒரு ரூல் போடு," என்றாய் நீ.

உருளுகிற சோழியைப் பாய்ந்து பிடிக்கிறவருக்கே சொந்தம் என்று ரூல் வந்தது. அன்றைக்குக் கிளம்பிய கூச்சல் மாதிரி இந்தக் கட்டிடம் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. உனக்கு எழுந்து பாய முடியவில்லை. அதனால் நாற்காலியின் காலால் இரண்டு சோழியை அமுக்கி வைத்துக்கொண்டு, இல்லவே இல்லை என்று சாதித்தாய்.

பிறகு நீ போய்விட்டாய். உன் வீட்டுக்காரர் வீட்டைப் பூட்டிவிட்டு மாமல்லபுரத்துக் கடைக்கே போய்விட்டார். அதைப் பற்றி நான் அதிகம் எழுதப் போவதில்லை. எழுதினால் நீயே கேலி செய்வாய்.

ஆனால் நீ போன பிறகு இங்கே எல்லாருக்கும் உன் மேல் பொத்துக்கொண்டு வந்த பாசத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உன்னைப் பார்த்தால் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போனவர்கள் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் கைகூப்பும் பொம்மைகளாக அனுப்பித் தள்ளினார்கள். இதற்கு நடுவில், சிறந்த குடியிருப்பு என்று யாரோ ஒரு போட்டி அறிவித்தார்கள். பண்பாடு என்ற தலைப்புக்குத் தனி மதிப்பெண்ணாம். நம் வளாகத்தில் பண்பாட்டுக்கு எங்கே போவது? கமிட்டி கூடி யோசித்தது. உன் நினைவாகப் பாரம்பரிய விளையாட்டு முற்றம் அமைக்கலாம் என்று செயலாளர் சொன்னாராம். மணலை வாரி எடுத்த அதே இடத்தில். சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, நான் ஏதோ மாலை போடுவேன் என்கிற மாதிரி என் முகத்தைப் பார்த்தார்.

மாமல்லபுரத்தில் சொல்லி, கறுப்புக் கல்லில் அழகாக ஒரு பல்லாங்குழி செதுக்கி வாங்கி வந்தார்கள். உன் வீட்டுக்காரரைப் பார்த்து, பிள்ளைகள் ஆடட்டும் என்று சோழிப் பையைக் கேட்டிருக்கிறார்கள். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பையோடு தூக்கிக் கொடுத்துவிட்டார். இதை எல்லாம் கேட்டு நான்கூட ஒரு நாள் மனம் இளகினேன். சரி, எப்படியோ பிள்ளைகளுக்குக் குழி திரும்பி வருகிறதே என்று நினைத்தேன்.

நேற்றுக் காலை கீழே போய்ப் பார்த்தேன். செயலாளர் முழங்காலில் உட்கார்ந்து, கையில் பசைக் குழாயோடு, ஒவ்வொரு குழியிலும் உன் சோழிகளை வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார். கோணலாக உட்கார்ந்ததை விரல் நுனியால் நிமிர்த்தினார். சுற்றிலும் சின்னக் கம்பி வேலி. வேலிக்கு ஒரு பூட்டு.

"என்ன பண்றீங்க?" என்றேன்.

"ஒட்டலைன்னா தொலைஞ்சிடும் சுமதி. ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"யாரு?"

"யாருன்னா, பசங்கதான்."

"பசங்களுக்குத்தானே வெச்சிருக்கீங்க?"

அவர் நிமிர்ந்து, எனக்குப் பொது அறிவு இல்லை என்பது போலப் பார்த்தார். "அது வேற, இது வேற," என்றார்.

  பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டியில் பரிசு வாங்கியவராம், இவரோடு பதிமூன்று வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன்.

சாயங்காலம் திறப்பு விழா. பையன்களுக்கு வேட்டி, பெண்களுக்குப் பட்டுப் பாவாடை. போன மாதம்வரை சாக்பீஸ் வைத்திருந்ததற்காக இவர்களைத் துரத்தியவர்கள், கன்னத்தைக் கிள்ளி வரிசையில் நிறுத்தினார்கள். உன் வீட்டுக்காரரை முன் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கல்லூரி நடத்துகிற ஒருவர் சிறப்பு விருந்தினர். நம் குழந்தைகள் கைபேசியில் தொலைந்துபோனார்கள் என்று கைபேசியைப் பார்த்து வாசித்துக்கொண்டே இருந்தார். பூட்டைத் திறந்து, யாழினியையும் இன்னொரு பெண்ணையும் கல்லுக்கு இரண்டு பக்கமும் உட்கார வைத்து, ஆடுங்கம்மா என்றார்கள். படம் எடுக்க ஆட்கள் குனிந்தார்கள்.

யாழினி முதலில் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அது அவள் போட்ட சட்டம். பிறகு குழிக்குள் கையை விட்டு அள்ளினாள். எதுவும் வரவில்லை. மறுபடி அள்ளினாள். நகத்தால் நெம்பினாள். அப்புறம் அவள் தன் அப்பாவைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"அப்பா, ஒட்டிகினு கீது."

செயலாளர் சிரித்த முகத்தை மாற்றாமல் குனிந்து, "சும்மா எடுக்கிற மாதிரி பண்ணும்மா. ஃபோட்டோவுக்கு," என்றார்.

"எடுக்கிற மாதிரின்னா?"

"எடுக்கிற மாதிரி. ஆக்ட் பண்ணு."

அவள் எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் பழைய குரல் வெளியே வந்தது.

"ஒட்டிப் போட்டா எப்படிப்பா ஆடறது? இது அழுகுணி ஆட்டம். ஆன்ட்டிகூட இப்படிப் பண்ணாது!"

மற்ற பிள்ளைகளும் வந்து ஆளுக்கொரு குழியில் கையை விட்டார்கள். ஒட்டிகினு கீது, ஒட்டிகினு கீது என்று ஒரே சத்தம். உன் வீட்டுக்காரர் எழுந்து வந்தார். குனிந்து, கட்டை விரலால் ஒரு சோழியை நகர்த்திப் பார்த்தார். நகரவில்லை. அவர் யாரையும் திட்டவில்லை. "ஏம்பா, இத ஆடறதுக்குன்னுதான குடுத்தேன்," என்று மட்டும் செயலாளரிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கும் சிறப்பு விருந்தினர் பேச்சை நிறுத்தவில்லை.

நான் படியேறி வீட்டுக்கு ஓடினேன். கைக்கு முதலில் அகப்பட்டது தோசைத் திருப்பி. அதை எடுத்துக்கொண்டு வந்து, பட்டுப்புடவையோடு அந்தக் கல்லின் முன்னால் உட்கார்ந்து, நெம்ப ஆரம்பித்தேன். மைக்கில் பாரம்பரியம் ஓட, இங்கே கர்ர் கர்ர் என்று தோசைத் திருப்பி ஓடியது. பாதி உடைந்தன. முழுசாக வந்ததை எல்லாம் யாழினி பாவாடையில் வாங்கிக்கொண்டாள். போட்டி நடத்த வந்தவர்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் இதைச் சொத்துச் சேதம் என்றார். செயலாளர் என் காதருகில் வந்து, மானம் போச்சு என்றார். இருந்தால்தானே போகும் என்று நான் மைக்குக்குக் கேட்கிற மாதிரியே சொன்னேன். அதற்குத்தான் இத்தனை தண்டனையும். என்னைத் தண்டிக்க முடியவில்லை, பிள்ளையைப் பிடித்துக்கொண்டார்கள்.

ராத்திரிச் சாப்பாட்டில் அவர் மறுபடியும் சாரி என்று ஆரம்பித்தார். யாழினி தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொல்றேன். ஆனா ஒட்டுனது தப்புன்னு நீங்க மொதல்ல சொல்லணும். மொதல்ல தப்பு பண்ணவங்கதான் மொதல்ல சொல்லணும்." அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். ரசம் நன்றாகத்தான் இருந்தது.

மேலே உள்ளதை எல்லாம் மத்தியானம் எழுதினேன். இப்போது விளக்கு வைத்தாயிற்று. இடையில் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்து யாழினி பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கீழே போகவும் இல்லை, அப்பாவிடம் போய் நிற்கவும் இல்லை. ஐந்து மணிக்கு அழைப்பு மணி அடித்தது. திறந்தால் வாசலில் பிள்ளைகள் கூட்டம். அடுத்த பிளாக் பையன் ஒருவன் சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சொன்னான்.

"அவ கீழ வரக் கூடாதுன்னுதான ஆன்ட்டி சொன்னாங்க? அதான் நாங்க மேல வந்துட்டோம்."

உன் கதவுக்கும் என் கதவுக்கும் நடுவில் இருக்கிற அந்த இடத்தில் பாண்டி ஆட்டத்துக்குக் கட்டம் போட்டார்கள். என் வாசற்படியில் ஆரம்பித்து உன் வாசற்படியில் முடிந்தது. ஓர் ஆள் குறைந்தது. யாழினி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "எங்கம்மாவுக்கு ஆடத் தெரியாது. ஒப்புக்குச் சப்பாணியா வெச்சுக்கலாம்," என்றாள். எல்லாரும் பெரிய மனசு பண்ணி ஒப்புக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் தாங்காமல் செயலாளர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். கழுத்தில் ஹெட்ஃபோன், வாயில் தயாராக ஒரு அதட்டல். வலது காலைத் தூக்கி வெளியே வைத்தார். அது நேராகக் கோட்டின் மேல் விழுந்தது.

"அங்கிள் கோட்ட மிதிச்சிட்டாரு! அவுட்டு! அவுட்டு!"

அவர் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டார். நிலையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றார். வந்த அதட்டல் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தூக்கின காலை எங்கே வைப்பது என்று கீழே பார்த்தார், அப்புறம் மகளைப் பார்த்தார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அவர் ஏதோ முணுமுணுத்தார். தப்புதான் என்பது மாதிரி இருந்தது. ஏழு மணிக்குள் முடியுங்கள் என்பது மாதிரியும் இருந்தது. நொண்டியபடியே உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. நாளைக்கு அவள் கீழே இறங்குவாள், அவர் தடுக்க மாட்டார், எனக்குத் தெரியும். அதற்காக நான் இளகிவிட்டேன் என்று நினைக்காதே. நாளைக்கும் அவர் எனக்குச் செயலாளர்தான்.

பிறகு என் முறை வந்தது. தலையை அண்ணாந்து, நெற்றியில் சில்லை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நடக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் ரைட்டா என்று கேட்க வேண்டும். கோட்டை மிதிக்காவிட்டால் ரைட்டு என்பார்கள். நான் நடந்தேன். ரைட்டா? ரைட்டு. ரைட்டா? ரைட்டு. உன் வாசற்படியை ஒட்டி வந்துவிட்டேன் என்று காலுக்குத் தெரிந்தது. கண்ணைத் திறக்காமல் கடைசித் தடவை கேட்டேன். "ரைட்டா?"

"தப்பு. அவுட்டு," என்றாள் என் மகள்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. மிதிக்கவில்லை என்று அவளோடு கத்தினேன். ஒப்புக்குச் சப்பாணிக்கு எதுக்கும்மா இவ்ளோ கோவம் என்று அவள் கேட்டாள்.  இத்தனை பேரும் போன பிறகும் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் கோபம் ஒன்றுதான். என் பெருவிரல் கோட்டில் பட்டது உண்மைதான். நீ இருந்திருந்தால் அந்தக் கதவைத் திறந்துகொண்டு வந்து, கூசாமல் ரைட்டு என்று சொல்லியிருப்பாய்.